முப்பத்தொரு பார்ட்டும் ஒரு கட்டைவிரலும்

போனை அப்படிப் பிடிக்காதீங்க அண்ணாச்சி. தப்பா நினைச்சுக்கிடாதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க முடியல, அதான் வாயை விட்டுட்டேன். அடிப்பக்கத்தை உள்ளங்கையால பொத்திப் பிடிச்சிருக்கிய. ஆன்டெனா அங்கதான் இருக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு வரலைன்னு சொன்னா சவம் அது என்ன செய்யும்? ரெண்டு விரலால மேல்பக்கமாப் பிடிங்க. ஆங், அப்படித்தான். வருதா? வரலையா? சரி விடுங்க. மழையில டவருக்குக் கரண்டு போயிருக்கும். மரக்காணத்து உப்பளத்துக்கு நடுவுல வண்டி பஞ்சராகி நிக்குன்னா சிக்னலும் சேந்துதான் போகும். கஷ்டம் என்னைக்குத் தனியா வந்திருக்கு?

யாருக்குப் பேசணும்? மகளுக்கா? திருவான்மியூர்ல வந்து நிப்பாளா, அதுவும் கைப்பிள்ளையோடயா? அடடா. பொறுங்க, அதுக்கு வழி இருக்கு. என் மடியில இருக்கே இந்தப் பெட்டி, இது டிபன் பாக்ஸ் இல்ல. கடல்ல போற படகுக்குச் செஞ்சது. தூரத்துல எந்த மூலையில டவர் இருந்தாலும் எட்டிப் பிடிச்சுரும். இந்தா, ஆன் பண்ணியாச்சு. இந்தச் சின்ன விளக்கு இப்ப சிவப்பா இருக்கா? பச்சையானா டவர் கிடைச்சாச்சுன்னு அர்த்தம். உங்க மக கூட ஸ்பீக்கர்லயே பேசலாம். நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க தொடாதீங்க. நான் பிடிச்சாத்தான் இது பேசும்.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்லுதேன்.

பேரு ஆவுடையப்பன். ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். பிழைப்பு அம்பத்தூர்ல. அங்க ஒரு கம்பெனியில ரேடியோ எஞ்சினியரு. இந்தப் பெட்டியைச் செய்யுத கம்பெனிதான். பெட்டிக்குள்ள சக்தியைக் கிளப்புத சில்லு ஒண்ணு இருக்கு, அதை வெளியே வீசுத ஆன்டெனா ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. சில்லு குடுக்கதை ஆன்டெனா வாங்கிக்கிடாது, பாதியைத் திருப்பி அது மூஞ்சியிலேயே எறியும். குடத்துல இருந்து பாட்டிலுக்கு நேரா ஊத்துனா வெளியேதான சிந்தும்? நடுவுல புனல் வச்சா சிந்தாது. அந்தப் புனலுக்குப் பேருதான் இம்பிடன்ஸ் மேட்சிங். கடுகளவு சுருள், கடுகளவு கெப்பாசிட்டர், இதுகளை இடையில வச்சு ரெண்டு பேரையும் சமாதானமாப் போக வைக்கது. 'ஜாதகப் பொருத்தம் மாதிரியா'ன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஒரே ஒரு பேண்டு, அதாவது ஒரே ஒரு அலைவரிசைன்னா எவனும் செய்வான். இதுல அஞ்சு. கிட்டத்து டவருக்கு ஒண்ணு, தூரத்து டவருக்கு ஒண்ணு, சாட்டிலைட்டுக்கு, இடம் காட்டுததுக்கு, இன்னொரு படகுகூடப் பேசுததுக்கு. ஒண்ணைச் சரியாக்குனா இன்னொண்ணு மூஞ்சியைத் தூக்கும். நான் என்ன செஞ்சேன், அஞ்சுக்கும் தனித்தனிப் புனல் வச்சேன். ஒண்ணுக்கு ஒண்ணு இடிக்காம இருக்க நடுவுல தடுப்பு. அந்தத் தடுப்பு செஞ்ச இடைஞ்சலுக்கு ஒரு பரிகாரம். அந்தப் பரிகாரம் செஞ்ச இடைஞ்சலுக்கு இன்னொரு பரிகாரம். மொத்தம் முப்பத்தொரு பார்ட்டு. ஆபீஸ்ல அதுக்குத் தேருன்னு பேரு வச்சாங்க. கிண்டலுக்குத்தான் வச்சாங்க, நான் பெருமையாவே எடுத்துக்கிட்டேன். மத்த தேரை இழுக்க ஊரே கூடணும். என் தேரை இழுக்க நான் ஒருத்தன் போதும்.

எப்படின்னா, ஒரு பெட்டி செஞ்சு முடிச்சதும் நேரா என் மேசைக்கு வரும். மூடியைக் கழட்டி, இடது கையில பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில இடுக்கியை வச்சு, இந்தக் கெப்பாசிட்டரை எடுத்து அதை வச்சு, அந்தச் சுருளை எடுத்து இதை வச்சு, அளக்கிற மெஷின்ல கோடு நல்லாக் கீழே விழுத வரைக்கும் விட மாட்டேன். கோடு எவ்வளவுக்குக் கீழே போகுதோ அவ்வளவுக்குச் சக்தி திரும்பி வரலைன்னு கணக்கு. மத்தவன் எல்லாம் பெட்டியைத் தெர்மோகோல் மேல வச்சு அளப்பான். எனக்கு அது ஆகாது. பிள்ளைக்கு மருந்து ஊத்துதவன் தரையில போட்டா ஊத்துவான்? மடியில போட்டுத்தான ஊத்துவான்? இப்ப பிடிச்சிருக்கேன் பாருங்க, இதே பிடிதான். இந்த மூலையில கட்டைவிரல், அடியில நாலு விரல். இருபது வருஷமா மாறல. முன்னால காவலாளிங்க கையில வச்சுப் பேசுத வாக்கிடாக்கி செஞ்சோம், அதுவும் இப்படித்தான் செஞ்சேன். ஒரு குறை வந்ததில்ல.

என் கை படாம ஒரு பெட்டி அந்த வாசலைத் தாண்டாது அண்ணாச்சி. நான் லீவு கேட்டா முதலாளி ரகோத்தமன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுவாரு. மச்சினன் கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் அடிக்கிற நேரத்துக்குத்தான் போய் நின்னேன், பந்தி முடிஞ்சதும் திரும்பி வந்துட்டேன். வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுதா. சொல்லட்டும். ஒரு மனுசன் இல்லாம ஒரு கம்பெனி ஓடாதுன்னா அது சும்மாவா? எனக்கு வேற சொத்து என்ன இருக்கு? அது ஒண்ணுதான்.

இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. பஸ்ஸு பூரா தகரம்லா, அதான். எடுத்துரும்.

இப்படி இருக்கையிலதான் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தா. ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. பெங்களூர்ல பெரிய கம்பெனியில இருந்துட்டு வந்தவ. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். வந்த வாரமே என் வரைபடத்தை மேசையில விரிச்சு வச்சு, 'அண்ணே, இதுல எது எதுக்குன்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்'னா. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தேன். பதினேழாவது பார்ட்டுல விரலை வச்சா.

'இது எதுக்குண்ணே?'

'அது பதினாறாவதைச் சரிக்கட்ட.'

'பதினாறாவது?'

'அது பதினெட்டாவதால வந்த வினை.'

'அப்ப பதினெட்டு?'

எனக்கே மறந்து போச்சு அண்ணாச்சி. 'அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, உனக்கு என்னம்மா செய்யுது'ன்னுட்டேன். அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. தலையை ஆட்டுதவளை நம்பக் கூடாது.

அடுத்த மீட்டிங்ல எல்லாரையும் வச்சுக்கிட்டு எழுந்து சொல்லுதா, 'முப்பத்தொண்ணு வேண்டாம் சார், ஒம்பது போதும்'னு. ஆன்டெனாவைக் கோணலா வரைஞ்சுட்டு அதை நிமிர்த்தத்தான் பாதி பார்ட்டு வச்சிருக்கோமாம். ஆன்டெனாவையே ஒழுங்கா வரைஞ்சா பாதி வேலை தானா முடியுமாம். அஞ்சு பேண்டையும் அஞ்சாப் பாக்க வேண்டாமாம், கீழே ரெண்டு ஒரு கூட்டம், மேலே மூணு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒண்ணா ரெண்டு அகலப் புனல் வச்சா ஆச்சாம். 'ஒரு இடத்துல நூத்துக்கு நூறும் இன்னொரு இடத்துல நாப்பதும் எதுக்கு சார்? எல்லா இடத்துலயும் எண்பது வந்தாப் போதுமே. அதுவும் போக, ஒவ்வொரு பார்ட்டும் போற சக்தியில கொஞ்சம் திங்குது. பந்தியில பரிமாற முப்பத்தொரு பேரை விட்டு, ஆளுக்கு ஒரு வடையை வாயில போட்டா, இலைக்கு என்ன சார் வந்து சேரும்?'

எல்லாரும் சிரிச்சாங்க. ரகோத்தமன் வாய்விட்டுச் சிரிச்சாரு. எனக்குக் காது மடல் எரிஞ்சுது. எண்பது போதுமாம்லா! எங்க கணக்கு வாத்தியாரு எண்பது வாங்குனவனை பெஞ்சு மேல ஏத்துவாரு. அந்த வாத்தியாரு கையால அடி வாங்கி வந்தவன்கிட்ட எண்பது போதும்னு சொன்னா எப்படி இறங்கும்?

அந்த நேரம் பாத்து நாகப்பட்டினத்துல இருந்து ஒரு புகார். அங்க படகுக்காரங்க சங்கம்தான் எங்க பெட்டியை வாங்குது. பெட்டியைச் சுவத்துல மாட்டி வச்சா வாயே திறக்க மாட்டேங்கு, கையில எடுத்தாத்தான் பேசுதுன்னாங்க. 'பின்னே? மரியாதையாக் கையில எடுத்தாத்தான் பேசும். ஆணியில தொங்கவிட்டா நீரு பேசுவீரா?'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஜெசிந்தா மட்டும் சிரிக்கல. நேரா என் மேசைக்கு வந்தா. நான் ஒரு பெட்டியைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன், கோடு பாதாளத்துக்குப் போயிட்டிருக்கு.

'அண்ணே, அப்படியே தெர்மோகோல் மேல வையுங்களேன்.'

வச்சேன். கோடு எழுந்து நின்னுட்டு.

'இப்பக் கையில எடுங்க.'

எடுத்தேன். விழுந்துட்டு.

'கட்டைவிரலை மட்டும் தூக்குங்கண்ணே.'

தூக்குனேன். எழுந்துட்டு. சுத்தி நாலு பேரு கூடிட்டானுவ. நான் விரலைத் தூக்க அது எழும்ப, நான் விரலை வைக்க அது படுக்க, குரங்காட்டி வித்தை மாதிரி ஆயிப்போச்சு. ஒருத்தன் கையைக்கூடத் தட்டுனான்.

'அண்ணே, உங்க டிசைன்ல முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்திரண்டு பார்ட்டு. கடைசி ஒண்ணு உங்க கட்டைவிரல். உங்க விரலோட சேத்து அளந்து, உங்க விரலுக்குத் தக்கனதான் மத்த எல்லாத்தையும் வச்சிருக்கிய'ன்னா.

நான் விட்டுக் குடுக்கல. ஏசியை ஓவரா வச்சிருக்காங்க, குளிர்ல மெஷின் இப்படித்தான் காட்டும்னேன். நீங்களே சொல்லுங்க, ஏசி ரூம்ல எது ஒழுங்கா இருந்திருக்கு? சாம்பார் சாதம்கூட விறைச்சுப் போகுது.

மறுநாள் இடுக்கியில எதையோ கவ்விக்கிட்டு வந்தா. கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியும், ஒரு கெப்பாசிட்டர். 'உங்க விரலை அளந்து பாத்தேன் அண்ணே. அதுக்கு இதுதான் சமம். அந்த மூலையில இது ஒண்ணை வச்சுட்டா உங்க தேரு தானா நிக்கும். படகுல இருக்க பழைய பெட்டி எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பொட்டு ஈயம் வச்சா ஆச்சு.' நல்ல மனசோடதான் சொன்னா, அதை நான் இல்லைங்கல. ஆனா அந்தக் கெப்பாசிட்டரைப் பாத்தேன் பாருங்க. கடுகு. கடுகுல பாதி. தும்முனா காணாமப் போயிரும். என் விரலுக்கு, இருபது வருஷ சர்வீஸுக்கு, மச்சினன் கல்யாணத்துக்குக்கூட ஒழுங்காப் போகாம உழைச்சதுக்கு இதுதான் சமமாம்! எனக்கு வந்தது பாருங்க கோவம். 'எம்மா, என் விரல் என் கையிலேயே இருக்கட்டும்'னுட்டு, ஃபூன்னு ஒரு ஊது ஊதிட்டேன். எங்க போய் விழுந்துதோ.

அதை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு மட்டும் கேக்காதீங்க. வீட்டுக்காரி நேத்து ராத்திரியே போன்ல கேட்டு முடிச்சுட்டா.

அவளும் ஒம்பது பார்ட்டுல ஒரு பெட்டியைச் செஞ்சு முடிச்சுட்டா. சண்டை பெருசாகவும் ரகோத்தமன் ஒரு முடிவுக்கு வந்தாரு. 'ரெண்டு பெட்டியையும் கடலுக்குக் கொண்டு போங்க. எது சுவத்துல தொங்கிக்கிட்டே பேசுதோ அதைத்தான் இனிமே செய்வோம். இன்னொண்ணை நிப்பாட்டிருவோம்.' சரின்னுட்டேன். பயந்தா முடியுமா?

நேத்துக் காலையில நாகப்பட்டினம் துறைமுகத்துல இறங்குனதும் எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு அண்ணாச்சி. ஒவ்வொரு படகுலயும் ஒரு ஆளு என் பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அதே மூலை. அதே கட்டைவிரல். நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. தானாக் கத்துக்கிட்டிருக்காங்க. 'பாத்தியா எம்மா, என் பிடியை ஊரே பிடிச்சிருக்கு'ன்னேன். ஜெசிந்தா தலையில கையை வச்சுக்கிட்டா. வெயிலுக்காக இருக்கும்.

எங்களைக் கூட்டிட்டுப் போன படகுக்கு டிரைவர் கலியபெருமாள். அவருதான் சொன்னாரு, 'பெட்டிக்குன்னே ஒரு ஆளு வச்சிருக்கோம் சார். புடிக்காம வுட்டா பேசாதே. வலை இழுக்க முடியாத ஆளாப் பாத்து வச்சுக்குறது. எங்களுக்கு இந்தத் தேசப்பன். தோளு எறங்கிப் போச்சு, அதான் பெட்டிக்காரரா ஆக்கிட்டோம். பங்குல அவருக்கும் உண்டு.' தேசப்பன் எங்களைக் கும்பிடல. கையில பெட்டி இருக்குல்லா, தலையை மட்டும் ஆட்டுனாரு.

எனக்கு அந்த மனுசனைப் பாத்ததும் பாவமாப் போச்சு. ஜெசிந்தா பெட்டி வந்துட்டா இவரு பிழைப்பும் போச்சே. கிட்டப் போய்க் காதோட சொன்னேன், 'கவலைப்படாதீங்க, உங்க வேலை போகாம நான் பாத்துக்கிடுதேன்'னு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. 'சாமி, ரெண்டு வருசமா இந்தக் கட்டைவெரலு மரத்துக் கெடக்கு. இந்தச் சனியனை எவனாச்சும் செவுத்துல மாட்டுனா நான் போயிக் கொழம்பு வைப்பேன். இவனுவ வைக்கிற கொழம்பைத் தின்னுட்டு மனுசன் உசுரோட இருக்க முடியல'ன்னாரு. சில பேருக்கு நல்லது சொன்னா ஏறாது.

படகு கிளம்பிச்சு. டிரைவர் நிக்கிற கூண்டுக்குள்ள ரெண்டு பெட்டியையும் பக்கம் பக்கமா சுவத்துல மாட்டுனாங்க. கரையில ரகோத்தமனும் சங்கத்து ஆளுங்களும் ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கரை மறையத் தொடங்குச்சு. ஜெசிந்தா பெட்டி அது பாட்டுக்குப் பேசுது, அவ பாட்டுக்கு முறுக்கு தின்னுக்கிட்டு நிக்கா. என் பெட்டி ஊமை. ஒரு 'ம்' கிடையாது. அப்ப முதலாளி குரல் வருது. 'ஆவுடையப்பன், உங்க பெட்டிக்கு என்ன ஆச்சு?' எந்தப் பெட்டி வழியா வருது? அவ பெட்டி வழியா! மானம் போச்சு. பொறுக்க முடியாமப் போய் என் பெட்டியைச் சுவத்துல இருந்து எடுத்தேன். விரலை வச்சதும் பேசிச்சு பாருங்க, கணீர்னு.

'சார், செவுத்துல வச்சுத்தான பாக்கணும்'னாரு கலியபெருமாள்.

'சுவத்தை நம்பியாவே பொறந்தோம்?'னு கேட்டுட்டு, பெட்டியோட தளத்துக்கு வந்துட்டேன். அங்க நின்னு கரைக்குப் பேசுதேன், 'கேக்குதா சார், தெளிவாக் கேக்குதா?'ன்னு. அந்த நேரம் பாத்து வாடைக்காத்து எழும்பிட்டு. வானம் அப்படி ஒண்ணும் கறுக்கல, அலைதான் திடீர்னு எகிறுது. 'எதையாச்சும் புடிச்சுக்கோங்க'ன்னு கத்துதாங்க. நான்தான் ஏற்கெனவே பிடிச்சிருக்கேனே, பெட்டியை. ஒரு கை மூலையில, இன்னொரு கை நழுவாம இருக்க அடியில. கம்பியைப் பிடிக்க மூணாவது கையை ஆண்டவன் எனக்குக் குடுக்கல. படகு இந்தப் பக்கம் சாய இந்தப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் சாய அந்தப் பக்கம் போனேன். மீன் கொட்டுத தளம், வழுக்குமரம் தோத்துரும். கடைசியில ஓரத்துல போய் இடிச்சு, பாதி உடம்பு வெளியே தொங்குது. எனக்கு நீச்சல் தெரியாது. 'அண்ணே, பெட்டியை விட்டுட்டுக் கம்பியைப் பிடிங்க'ன்னு ஜெசிந்தா அழுதுக்கிட்டே கத்துதா. எப்படி விட? விரலை எடுத்தா லைன் கட்டாயிரும்லா?

எடுக்கல. தேசப்பன்தான் ஓடி வந்தாரு. அந்த இறங்கிப் போன தோளை வச்சுக்கிட்டு என் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்து உள்ளே போட்டாரு. அந்த நேரம் அவரு கை சும்மா இருந்துது, பெட்டிதான் என் கையில இருக்கே. கலியபெருமாள் ரெண்டு கையாலயும் சுக்கானைப் பிடிச்சுப் படகைத் திருப்புனாரு. படகு எங்க இருக்கு, என்ன நிலைமைன்னு ஜெசிந்தா பெட்டி சுவத்துல தொங்கிக்கிட்டே கரைக்குச் சொல்லிக்கிட்டிருந்துது.

ஆனா நீங்க ஒண்ணைக் கவனிக்கணும். என் லைன் கட்டாகல. நான் கத்துனது பூரா கரைக்குப் போயிட்டு. 'ஐயோ அம்மா, சுடலைமாடா, எவனாவது பிடிங்கலே, எம்மா ஜெசிந்தா, நீ சொன்னதுதான் சரி, நான் கோட்டிக்காரக் கிறுக்குப் பயம்மா' அவ்வளவும். ஒரு சொல்லு விட்டுப் போகல, ஒரு கரகரப்பு கிடையாது. பக்கத்துல நின்னு கத்துன மாதிரி இருந்துதுன்னு ரகோத்தமன் வாயாலேயே சொன்னாரு. முப்பத்தொரு பார்ட்டுன்னா சும்மாவா? நீ சொன்னதுதான் சரின்னு சொன்னது பயத்துல வந்தது. அதைக் கணக்குல எடுக்கக் கூடாது.

கரைக்கு வந்ததும் கலியபெருமாள்கிட்ட கேட்டாங்க, எது வேணும்னு. அவரு என்னைப் பாத்துச் சொன்னாரு, 'சார், ஒங்க பெட்டி நல்ல பெட்டிதான். கொறை சொல்ல மாட்டேன். ஆனா பெட்டியோட நீங்களும் வரணுமே. ஒங்களைக் கடல்ல வச்சுக் காப்பாத்த எங்களால ஆவாது.' எல்லாரும் சிரிச்சாங்க. தேசப்பன்கூட சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு ஐஸ் குடோனுக்குப் பின்னால போய் நின்னு அழுதேன் அண்ணாச்சி. சொல்லதுக்கு என்ன வெக்கம், நல்லா அழுதேன். என் கை இல்லாம ஓடாதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்த கம்பெனிக்கு ஒரு சுவரும் ரெண்டு ஆணியும் போதும்னு ஆயிட்டு.

இனிமே ஒம்பது பார்ட்டுதான். படகுல இருந்த என் பெட்டியெல்லாம் கழட்டிச் சாக்குல கட்டி இன்னைக்குக் காலையில லாரியில ஏத்தியாச்சு. அம்பத்தூர் போனதும் உடைக்கப் போறாங்க. அந்தப் பிள்ளை அப்பவும் விடல. 'ஒரே ஒரு கெப்பாசிட்டர் வச்சாப் பழையதும் ஓடும் சார், எதுக்கு உடைக்கணும்'னு முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னா. அவரு, 'செஞ்சவரு ஆவுடையப்பன். அவரு சரின்னு ஒரு வார்த்தை சொன்னா உடைக்கல'ன்னாரு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் கடல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கடுகு முன்னால நான் மண்டி போடவா? உடைச்சாலும் உடைக்கட்டும், நான் இல்லாம என் பெட்டி பேச வேண்டாம். அப்படித்தான் அண்ணாச்சி நினைச்சேன்.

இந்த ஒண்ணை மட்டும் சாக்குல போட விடல. முதன்முதலாச் செஞ்ச பெட்டி இது. பஸ் ஏறப் போகையில ஜெசிந்தா, 'கொண்டாங்கண்ணே, ஸ்க்ரூ ஆடுது'ன்னு வாங்கிக்கிட்டு லாட்ஜ் ரூமுக்குப் போனா. நான் டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள கொண்டாந்து குடுத்துட்டா. நல்லாத்தான் முறுக்கிருக்கா. அந்த அளவுக்கு மரியாதை தெரிஞ்ச பிள்ளை. 'அண்ணே, ஊருக்குப் போற வரைக்கும் இதைத் தொடாம பக்கத்துல வச்சுக்கிட்டு ஆன் பண்ணிப் பாருங்களேன்'னு வேற சொன்னா. தொடாம என்னத்தைப் பாக்க? என்ன பேச்சு அது?

என்ன எழவு இது, இன்னும் சிவப்பாவே இருக்கு. நான் விரலை எடுக்கவே இல்லையே. கதை பூரா இப்படியேதான பிடிச்சிருக்கேன். கொஞ்சம் ஜன்னலைத் திறங்க. வெளியே நீட்டிப் பாக்குதேன். ம்ஹூம். கடல்ல அந்தக் காத்துலயே பேசின பெட்டி, இங்க என்ன கேடு இதுக்கு? என்னோட சேந்து இதுக்கும் கிறுக்குப் பிடிச்சுட்டா? மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. உங்களை ஏமாத்துன மாதிரி ஆயிட்டு. கை வேற கடுக்கு. செத்த நேரம் இந்த சீட்டுல வச்சுக்கிடுதேன்.

அட.

அண்ணாச்சி, அந்த விளக்கு பச்சையா எரியுது. எனக்குத்தான் அப்படித் தெரியுதா, உங்களுக்கும் தெரியுதா?

நான் தொடலையே. ரெண்டு கையும் இங்கதான் இருக்கு, பாருங்க. பொறுங்க, விரலை வச்சுப் பாக்குதேன். சிவப்பு. எடுத்துட்டேன். பச்சை. வச்சா சிவப்பு. எடுத்தாப் பச்சை.

அவ ஸ்க்ரூ முறுக்கப் போகல அண்ணாச்சி. கடுகை வச்சுட்டா. நான் ஊதித் தள்ளுனேன்லா, அதே மாதிரி இன்னொண்ணைக் கொண்டு வந்து, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வச்சுட்டா. விரல் ஏற்கெனவே உள்ளே இருக்கு. அது மேல நான் என் விரலையும் வச்சா எங்க இருந்து பேசும்? இவ்வளவு நேரமா உங்க மகளைப் பேச விடாம நான்லா பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!

பாருங்களேன், எப்படி நிக்குன்னு. முப்பத்தொரு பார்ட்டும் அப்படியே. அந்தப் பதினெட்டாவதுகூட. தனியா நிக்கு. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. வயித்தெரிச்சலா இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு.

நீங்க நம்பரைச் சொல்லுங்க, நான் ஓரத்துல அமுக்கி விடுதேன். அந்த மூலையில மட்டும் கை படாமப் பாத்துக்கிடுங்க. ரிங் போகுதா? பேசுங்க, பேசுங்க. மழையில நிக்க வேண்டாம், கைப்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

பேசி முடிச்சதும் சொல்லுங்க அண்ணாச்சி. நானும் ரகோத்தமனுக்கு ஒரு வார்த்தை பேசணும். லாரி எது வரைக்கும் போயிருக்கோ.